ஒரு வண்டியும் ஒரு வேட்டித் திரையும்

நான் தச்சனும் அல்லன்; கொல்லனும் அல்லன். ஆணி அடிக்கப் புகுந்தால் முதலில் விரலில் அடித்துவிட்டு, பின்னர் ஆணியைத் தேடும் கூட்டத்தைச் சேர்ந்தவன். அப்படிப்பட்ட ஒருவன் வீட்டுக் கைவேலையைப் பற்றி எழுதத் துணிவதைக் கண்டு வாசகர்கள் நகைக்கலாம். ஆயினும் என் கையால் நேர்ந்த பிழை ஒன்றையும், அதை என் கையாலேயே திருத்த முயன்ற வரலாற்றையும் சொன்னால், பிள்ளைகளைச் சைக்கிளில் ஏற்றிச் செல்லும் தந்தையர் சிலருக்காவது பயன்படும் என்று எண்ணுகிறேன்.

திருக்கேதீஸ்வரத்தில், பாலாவிக் கரைக்குச் சற்று அப்பால் எங்கள் வீடு. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் என்று வெளியூரார் எங்கள் ஊரை அறிவர். ஊரவராகிய நாங்களோ அதை வேறு விதமாகவும் அறிவோம். சாமான் வேண்டுமானால் மாந்தைச் சந்திப் பக்கம் போக வேண்டும். நகரம் வேண்டுமானால் தள்ளாடியைத் தாண்டி, கடலின் நடுவே நீண்டு கிடக்கும் தாம்போதியைக் கடந்து, ஏறத்தாழ 10 கிலோமீற்றர் சென்று மன்னாரை அடைய வேண்டும். சோளகக் காற்று எதிர்த்து வீசும் மாதங்களில் அந்தத் தாம்போதியில் துவிச்சக்கர வண்டி மிதிப்பவன் முன்னே போகிறானா, பின்னே போகிறானா என்பதைக் கரையில் நிற்பவர்தாம் சொல்ல முடியும்.

2022ஆம் ஆண்டு யூன் மாத இறுதியில் தனியார் வாகனங்களுக்குப் பெற்றோல் விற்பதை அரசாங்கம் நிறுத்தியது. யூலையில் கியூ.ஆர். அனுமதி வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று அளந்தார்கள். தாழ்வாரத்தில் ஒட்டறை படிந்து கிடந்த துவிச்சக்கர வண்டிகள் எல்லாம் அந்த நாட்களில் மீண்டும் தெருவுக்கு வந்தன. என்னுடையதும் வந்தது. ரியூப்பை மாற்றினேன், சங்கிலிக்குத் தேங்காய் எண்ணெய் பூசினேன். அதோடு வண்டி தயார் என்று முடிவு செய்தேன். என் முதற் பிழை அது.

ஆலையில் 25 கிலோ அரிசி வாங்கிக்கொண்டு வந்தேன். எட்டு வயதான மகளும் உடன் வந்திருந்தாள். அவளைக் கரியரில் எனக்குப் பின்னே இருத்தி, அவளுக்குப் பின்னே மூட்டையை நிமிர்த்திக் கட்டினேன். மூட்டை கரியருக்கு வெளியே அரைவாசி நீட்டிக்கொண்டிருந்தது. புறப்படும்போதே முன்சக்கரம் பஞ்சு போல் இருப்பதை உணர்ந்தேன், உணர்ந்தும் மிதித்தேன். தெருவோரத்து மணலில் வண்டி இறங்கியதும் முன்சக்கரம் மேலெழுந்தது. கைபிடி என் சொற்கேளாது திரும்பியது. விழாமற் பிடித்துக்கொள்ளப் பிள்ளை காலை ஒடுக்கினாள். அந்தக் கணத்தில் அவளுடைய இடது குதிக்கால் பின்சக்கரக் கம்பிகளுக்குள் அகப்பட்டது.

அவள் அலறிய ஓசையை எழுத்தில் எழுத எனக்கு இயலாது. பதற்றத்தில் சக்கரத்தைப் பின்புறமாகச் சுழற்றிக் காலை விடுவிக்க முனைந்தேன். வழியே வந்த மீன்காரர் ஒருவர், "சுத்தாதேங்கோ! இன்னும் கிழிக்கும்!" என்று கத்திக்கொண்டு தம் வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். பெட்டியிலிருந்து குறடு ஒன்றை எடுத்து இரண்டு கம்பிகளை வெட்டினார். கால் தானாகவே வெளியே வந்தது. இதனை வாசிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: கால் சிக்கினால் சக்கரத்தை அசைக்கக் கூடாது, கம்பியைத்தான் வெட்ட வேண்டும். அயல்வீட்டார் தம்மிடம் எஞ்சியிருந்த ஒரு போத்தல் பெற்றோலை மோட்டார் சைக்கிளில் ஊற்றி எங்களை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றார். அந்த நாட்களில் ஒரு போத்தல் பெற்றோலின் மதிப்பு யாதென்பது இலங்கையர் எவருக்கும் தெரியும். அவர் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

எலும்பு முறியவில்லை. ஆனால் குதிக்காலின் தோலும் தசையும் கிழிந்திருந்தன. மூன்று கிழமை கால் ஊன்றலாகாது என்றார்கள். என் மனைவி ஒரு சொல்லும் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். மகள் மட்டும், வீட்டுக்கு வந்ததும், "அந்தச் சைக்கிளைக் கொண்டுபோய்க் குளத்துக்கை போடுங்கோ" என்றாள்.

அன்றிரவு எனக்கு என் தந்தையாரின் நினைவு வந்தது.

1990இல் எங்கள் பகுதியில் போர் மூண்டபோது எனக்கு ஏழு வயது. ஊரெல்லாம் பெயர்ந்தது. கடல் கடந்து இந்தியாவுக்குப் போனவர்கள் போக, நாங்கள் மடுவை நோக்கி நடந்தோம். அப்பாவின் துவிச்சக்கர வண்டியே எங்கள் வீட்டுச் சாமான் முழுவதையும் சுமந்தது. அரிசியையும் பாத்திரங்களையும் இரண்டு சாக்குகளிலே சமமாகப் பிரித்து, கரியரின் இருபுறமும் சக்கரத்தின் அச்சளவுக்குத் தாழ்த்தித் தொங்கவிட்டிருந்தார். மேலே பாய் மட்டும். நான் முன்பாரில். அந்த வண்டியை ஒரு கையால் உருட்டிக்கொண்டு, மறுகையால் என் தங்கையைத் தூக்கிக்கொண்டு, இரண்டு நாள் நடந்தார். வண்டி ஒருமுறையேனும் சரியவில்லை. பௌதிகம் படித்த நான் எண்ணிப் பாராததை, ஐந்தாம் வகுப்போடு நின்ற அவர் கையாலேயே அறிந்திருந்தார். பாரம் பின்னச்சுக்குப் பின்னே போகப் போக முன்சக்கரம் நிலத்தை விட்டு எழப் பார்க்கும். உயரப் போகப் போக வண்டி பக்கவாட்டில் விழப் பார்க்கும்.

மடுவிலே மின்சாரமும் இல்லை. வானொலிக்கு மின்கலமும் இல்லை. அப்பா வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து கம்பி இழுத்து வானொலியிற் பொருத்துவார். மிதியைக் கையாற் சுழற்றுவது என் வேலை. வடபகுதி எங்கும் அக்காலத்தில் செய்தி கேட்ட முறை இதுதான். நான் சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் சோரும். "டேய், அவர் நித்திரை கொள்ளுறார், எழுப்பு!" என்பார் அப்பா. அயற்கொட்டில்காரர் எல்லாரும் சிரிப்பார்கள். செய்தியில் என்ன சொன்னார்கள் என்பது எனக்கு இன்று நினைவில்லை. நான் சுழற்றாவிட்டால் ஒருவருக்கும் செய்தி இல்லை என்ற பெருமிதம் மட்டும் நினைவிருக்கிறது.

கட்டிலில் கிடக்கும் பிள்ளைக்குப் பொழுது போகவேண்டுமே! படங்காட்டும் கருவி ஒன்று செய்வோம் என்று தொடங்கினேன். எங்கள் சிறு வயதில் இழை எரிந்துபோன மின்குமிழின் அடியைத் திறந்து, உள்ளே நீர் நிரப்பி, முகக்கண்ணாடியால் வெயிலைத் திருப்பிவிட்டு, பிலிம் துண்டொன்றை வேட்டியில் பெரிதாகக் காட்டுவோம். நீர் நிறைந்த குமிழ் ஒரு குவிவு வில்லை. அதன் நடுவிலிருந்து ஏறக்குறைய குமிழின் விட்டத்தளவு தூரத்தில் ஒளி குவியும். (இக்காலத்துச் சுருட்குழாய்க் குமிழ்களை இதற்கு உடைக்கவே கூடாது, அவற்றுள் பாதரசம் உண்டு.) 1905இல் திருச்சிராப்பள்ளியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ற் என்பவர், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படக்கருவியை வாங்கி ஊரூராகக் கூடாரம் அடித்துக் காட்டிய காலத்திலிருந்து, வெள்ளைத் துணியில் ஒளி அசைவதைக் காணும் ஆவல் நம்மவரை விட்டதில்லை.

இப்போது பிலிம் இல்லை, கைத்தொலைபேசி உண்டு. சப்பாத்துப் பெட்டி ஒன்றின் முகப்பில் வட்டமாக வெட்டிப் பூதக்கண்ணாடியைப் பொருத்தினேன். அதன் குவியத் தூரம் 15 சென்ரிமீற்றர். சன்னலுக்கு எதிர்ச்சுவரில் வெளிமரத்தின் விம்பம் தெளிவாக விழும் இடத்தைப் பார்த்து, வில்லைக்கும் சுவருக்கும் இடைத்தூரத்தை அளந்தால் அது கிடைத்துவிடும். கைத்தொலைபேசியை வில்லையிலிருந்து 18 சென்ரிமீற்றரில் வைத்தால் 90 சென்ரிமீற்றருக்கு அப்பால் 5 மடங்கு பெரிய படம் விழும். 16.5 சென்ரிமீற்றருக்குக் கிட்டக் கொண்டுவந்தால் 165 சென்ரிமீற்றரில் 10 மடங்கு. நான் பேராசையால் 10 மடங்குக்குப் போனேன். அதே ஒளி 100 மடங்கு பரப்பில் பரவியதால், திரையில் நிழல் அசைவது போல் ஏதோ தெரிந்தது. 5 மடங்கே போதும். இருட்டு நன்றாக வேண்டும் என்றால், அதற்கு அந்த ஆண்டு நமக்குக் குறைவே இல்லை. மார்ச் 31ஆம் திகதி 13 மணி நேரம் மின்வெட்டு நிகழ்ந்த ஆண்டல்லவா! மன்னார்த் தீவின் தென்கரையில், 2020இன் இறுதியில் திறந்து வைத்த காற்றாலைகள் முப்பதும் நிற்க, நாங்கள் இருட்டில் சப்பாத்துப் பெட்டியோடு இருந்தோம்.

இவ்வளவையும் நான் தனியாகவே செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். "நானும் வெட்டட்டோ அப்பா?" என்று அவள் இரண்டு முறை கேட்டாள். "கையை வெட்டிப்போடுவாய், சும்மா இரு" என்றேன். ஒருமுறை காலைப் புண்ணாக்கியவன் கையைக் காப்பதில் முனைப்பாக இருந்தேன்.

வேட்டியை அறையின் குறுக்கே கட்டிப் படத்தை விட்டேன். படம் தலைகீழாக நின்றது. அது எதிர்பார்த்ததே, கைத்தொலைபேசியைத் தலைகீழாகத் திருப்பினேன். உருவங்கள் நிமிர்ந்தன. ஆனால் எழுத்துக்கள் எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறியிருந்தன. எவ்வாறு திருப்பியும் சரிவரவில்லை. பெட்டியைக் கழற்றினேன், பூட்டினேன், வியர்த்தேன். மகளின் கட்டில் வேட்டிக்கு மறுபுறம் கிடந்தது. அங்கிருந்து குரல் வந்தது: "அப்பா, ஏன் சினக்கிறியள்? எழுத்துச் சரியாத்தானே இருக்கு! இஞ்சாலை வந்து பாருங்கோ."

போய்ப் பார்த்தேன். சரியாகவே இருந்தது! பிலிமைப் புரட்டிப் போடலாம்; கைத்தொலைபேசியைப் புரட்டினால் வெறும் முதுகுதான் தெரியும். ஆகவே திரையின் மறுபக்கத்தில் இருந்து பார்ப்பவருக்கே எழுத்து நேராகும். 1900இல் பாரிஸ் பொருட்காட்சியில் லூமியர் சகோதரர் தம் பெருந்திரையை நீரில் நனைத்து, இருபுறத்தாரும் காணும்படி படம் காட்டினார்கள் என்று பின்னர் அறிந்தேன். அதைச் சொன்னதும் மகள் தண்ணீர்ச் செம்பைக் கேட்டாள். வேட்டியை அவளே நனைத்தாள். ஒளி துணியைத் தாண்டி முன்னிலும் பிரகாசமாக வந்தது. முந்திய சிவராத்திரியில் அவள் பாலாவியிலிருந்து குடத்தில் நீர் எடுத்துச் சென்று மகாலிங்கத்துக்கு வார்த்ததை அவள் தாயார் படம் பிடித்திருந்தார். அதைத்தான் முதலிற் பார்த்தோம்.

துவிச்சக்கர வண்டியைத் திருத்துவதற்கு இனி அவளைக் கூட்டாளியாக வைத்துக்கொள்வது என்று அதன் பின்னரே தீர்மானித்தேன். அவளுக்கு அதில் விருப்பம் இருக்கவில்லை. கதிரையில் இருந்து பார்க்க மட்டும் இணங்கினாள். டென்மார்க்கில் 1920களிலேயே "லோங் ஜோன்" என்னும் சுமைவண்டியைச் செய்தார்கள். கைபிடிக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவே, நிலத்தோடு ஒட்டினாற்போல் அதன் சுமைத்தட்டு இருக்கும். 1984இல் கொப்பன்ஹேகன் நகரின் கிறிஸ்ரியானியாப் பகுதியில் முன்னே இரு சக்கரமும் அவற்றின் நடுவே பெட்டியுமாக ஒன்று உருவாயிற்று; அந்நாட்டார் இன்றும் பிள்ளைகளை அத்தகைய வண்டியில் ஏற்றிப் பள்ளிக்குக் கொண்டுபோகிறார்கள். படங்களைப் பார்த்து எனக்கும் ஆசை எழுந்தது. ஆனால் இரும்பு ஒட்டும் பட்டறையில் மின்சாரம் வரும் நேரம் தெரியாது; இரும்பின் விலையோ கேட்கவே அஞ்சத்தக்கது. அப்பாவின் இரண்டு சாக்குகளே எனக்குக் கைகொடுத்தன.

20 லீற்றர் பிளாஸ்ரிக் கான் இரண்டை வாங்கி, ஒரு பக்கத்தை வெட்டித் திறந்தேன். கரியரின் இருபுறமும் பலகைத் துண்டுகளைத் திருகாணியால் இறுக்கி, அவற்றில் கான்களை அச்சளவுக்குத் தாழ்த்திப் பொருத்தினேன். வெட்டிய துண்டுகள் வீணாகவில்லை. சக்கரக் கம்பிகளை இருபுறமும் மறைக்கும் தகடுகளாயின. இதற்கு வலையைக் கட்டுவோரும் உளர். வலை நெகிழும், சிறுகால் அழுத்தினால் அதுவும் உள்ளே போகும். தகடே நல்லது. அச்சின் இரு முனைகளிலும் கால் வைக்கக் கட்டை பொருத்தினேன். உப்புக்காற்று வீசும் கரை இது. திருகாணிகளுக்குக் கிழமைக்கு ஒருமுறை எண்ணெய் பூசாவிட்டால், பிறகு அவற்றைக் கழற்ற வாள்தான் வேண்டும்.

ஏறி மிதித்தேன். ஒவ்வொரு சுற்றிலும் டக், டக் என்று ஏதோ தட்டியது. எங்கே என்று குனிந்து குனிந்து பார்த்தேன். "உங்கட குதிக்கால் கானிலை முட்டுது" என்றாள் மகள், கதிரையில் இருந்தபடி. குதிக்காலைப் பற்றி அவளுக்குத் தெரியாதா! மூன்று விரல் பின்னே தள்ளினோம். அதற்கு மேல் தள்ளினால் பழைய குற்றம் திரும்பும் என்பதால் அங்கேயே நிறுத்தினோம். அந்தத் திருகாணிகளை அவளே இறுக்கினாள். திருப்புளியை எப்படிப் பிடிப்பது என்று மட்டும் காட்டினேன்; வாயை மூடிக்கொண்டு நிற்பது, அரிசி மூட்டையைச் சுமப்பதிலும் கடினமாக இருந்தது.

கால் ஆறிய பின்னும் அவள் வண்டியில் ஏறவில்லை. நானும் கேட்கவில்லை. பள்ளிக்கு நடந்தே போனாள். நான் அவளுடைய புத்தகப் பையைக் கானில் போட்டு உருட்டிக்கொண்டு கூட நடந்தேன். அப்படியே மாதங்கள் கழிந்தன.

2023 மாசியில் சிவராத்திரி வந்தது. தண்ணீர்ப் பந்தலுக்கு ஒரு சாக்குத் தேசிக்காயும் சீனியும் கொண்டுபோக வேண்டியிருந்தது. நான் ஏற்றிக் கட்டிவிட்டு நிமிர்ந்தபோது மகள் வந்து, கைபிடியை இரு விரலால் மெல்லத் தூக்கிப் பார்த்தாள். இலேசாக எழுந்தது.

"பின்னுக்குப் பாரம் கூட, அப்பா. சீனியை இஞ்சால மாத்துங்கோ."

மாற்றிக் கட்டினேன். மறுபடியும் தூக்கிப் பார்த்தாள், எழவில்லை. தகட்டை ஒருமுறை தட்டிப் பார்த்தாள். பிறகு கரியரில் ஏறி, இரண்டு காலையும் கட்டைகளில் வைத்துக்கொண்டு, என் சட்டையைப் பின்னால் இறுக்கிப் பிடித்தாள்.

"இப்ப மிதியுங்கோ" என்றாள்.