பேர் மட்டும் காணும்

2025 மார்ச் மாதம், வேட்புமனு குடுக்க ரெண்டு மூண்டு நாள்தான் இருக்கு. எங்கட வீட்டுக்கு ரெண்டு பேர் வந்தார்கள். ஒருத்தர் அம்மாவோட படிச்சவர். தேத்தண்ணி குடிச்சு முடிஞ்சதும் விசயத்துக்கு வந்தார்.

"பிள்ளை, உம்மட பிறப்புப் பத்திரம் ஒருக்கா வேணும். லிஸ்ற்றில இளைஞர் 25 வீதம் இருக்கோணுமாம். எங்களுக்கு ஆள் காணாது. பேர் மட்டும் காணும், நீர் ஒரு வேலையும் செய்யத் தேவையில்லை."

2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி யாழ்ப்பாணத்தில 6 ஆசனத்தில 3 எடுத்த பிறகு எல்லாக் கட்சிக்கும் இளம் முகத்தில ஒரு திடீர் பாசம். நான் ஏன் நிக்கோணும் எண்டு அவர் சொல்லவுமில்லை, கேக்கவுமில்லை. சோதினை எண்டு சொல்லி மழுப்பிவிட்டேன்.

அம்மாவுக்குப் பெரிய நிம்மதி. அவவுக்குத் தேர்தல் எண்டால் இன்னும் 1998 தான். அந்த வருசம் யாழ்ப்பாண மேயராக வந்த சரோஜினி யோகேஸ்வரனை மே மாதம் வீட்டில வச்சுச் சுட்டார்கள். அவருக்குப் பிறகு வந்த பொன். சிவபாலன் செப்டெம்பரில குண்டுவெடிப்பில போனார். அம்மாவின் பயத்தை நான் பகிடி பண்ணுறதில்லை.

ஆனால் என்னோட கம்பஸில படிக்கிற சிநேகிதி ஒருத்தி நிண்டாள். சுயேச்சைக் குழுவில, வடமராட்சிப் பக்கம், அவளின்ர சொந்த வட்டாரத்தில. அவளுக்குக் காரணம் இருந்தது. றோட்டுக்குத் தார் போட்டுக்கொண்டு வந்தவர்கள் அவையின்ர ஒழுங்கை தொடங்கிற இடத்தில நிப்பாட்டிப் போட்டார்கள். லைற்றும் அதோட சரி. கடிதத்தோட சபைக்கு நாலு தரம் போயிருக்கிறாள். "உங்கட வட்டார உறுப்பினரிட்டச் சொல்லுங்கோ" எண்டு அனுப்பினார்களாம். 2023 மார்ச்சில சபைகளின்ர காலம் முடிஞ்சு, தேர்தலும் தள்ளிப்போய், ரெண்டு வருசம் எங்கட பக்கம் உறுப்பினர் எண்டு ஒருத்தருமே இல்லை. ஆரிட்டச் சொல்லுறது?

"அப்ப நானே அந்த உறுப்பினரா வாறன் எண்டு நினைச்சன்" எண்டாள். அவ்வளவுதான் அவளின்ர கொள்கை விளக்கம்.

நோட்டீஸ் குடுக்க நானும் ரெண்டு நாள் போனேன். ஒழுங்கைக்குள்ள ஆக்கள் கதிரை போட்டு இருத்தினார்கள். றோட்டுக்கு அங்கால, கேற்றைத் திறக்காமலே ஒரு ஐயா கேட்டார்: "உவையள் ஏன் நிக்கினம்?" எனக்குக் காரணமே தேவைப்படேல்ல, என்ர பேர் காணும். அவளுக்கு எத்தனை காரணம் இருந்தும் காணாது. இதில சாதி எங்க இருக்கு எண்டு நான் சொல்லத் தேவையில்லை. எங்களுக்குச் சர்வசன வாக்குரிமை வந்தது 1931 இல. ஒடுக்கப்பட்ட சமூகத்தில இருந்து ஒருத்தர் குடாநாட்டில வாக்கால வெண்டு பாராளுமன்றம் போனது 1977 இல, உடுப்பிட்டி இராசலிங்கம்.

தோக்கப்போறாய் எண்டு தெரியும்தானே எண்டு அவளைக் கேட்டேன். பொன். கந்தையாவைச் சொன்னாள். பருத்தித்துறையில கம்யூனிஸ்ட் கட்சியில 1947 இல நிண்டு தோத்தார், 1952 இல திரும்ப நிண்டு அதே இராமலிங்கத்திட்டத் தோத்தார், 1956 இல வெண்டார். குடாநாட்டில இருந்து பாராளுமன்றம் போன முதல் கம்யூனிஸ்ட். தனிச் சிங்களச் சட்டம் வந்த வருசம் அது. அதை எதிர்க்க அவர் உள்ள இருந்தார். 1960 மார்ச்சில திரும்பத் தோத்தார், அந்த வருசமே செத்தும் போனார். "மூண்டு தோல்விக்கு ஒரு வெற்றி. எனக்கு இன்னும் ரெண்டு தோல்வி கிடக்கு" எண்டு சிரிச்சாள்.

மே 6 வாக்களிப்பு. அவளுக்கு நூறு சொச்சம் வாக்கு. என்னைக் கேட்டு வந்த கட்சிக்கு வேற ஒரு பிள்ளையின்ர பேர் கிடைச்சிருந்தது. அந்தப் பிள்ளையை நான் ஒரு நாளும் றோட்டில காணேல்ல. அதில என்னையே கண்ட மாதிரி இருந்தது எண்டதையும் எழுதத்தான் வேணும்.

போன கிழமை அஞ்சாவது கடிதத்தோட சபைக்குப் போனோம். இந்த முறை சொல்ல ஒரு உறுப்பினர் இருக்கிறார், அவரைத்தான் காணக் கிடைக்கேல்ல. வாங்கில இருந்தபடி அவள் கேட்டாள்: "உன்ர பிறப்புப் பத்திரம் எங்க வச்சிருக்கிறாய்?"

"அம்மாவின்ர அலுமாரியில."

"எடுத்து வை. நாலு வருசம் கெதியாப் போயிடும்."