வடக்கெல்லை வழியே – 3: சித்தூரிடம் கேட்காத கேள்வி

திருத்தணியைத் தாண்டினால் கொஞ்ச தூரத்திலேயே ஆந்திரம். நகரியில் கடைப் பலகைகள் தெலுங்குக்கு மாறிவிடுகின்றன. விசைத்தறிச் சத்தம் மட்டும் பள்ளிப்பட்டில் கேட்டதேதான். 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணியும் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் சில வட்டங்களைப் பிரித்தெடுத்து, ஜமீன்களையும் சேர்த்து, 1911-இல் வெள்ளையர் தம் நிர்வாக வசதிக்காக உண்டாக்கிய மாவட்டம் அது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் தனி மாநிலமானபோது மாவட்டம் மொத்தமாக அங்கே போயிற்று. ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் ‘வேங்கடத்தை விடமாட்டோம்’ என்றது. அந்தப் பக்கம் ‘மதராஸ் மனதே’ (மதராஸ் நமதே) என்றார்கள். ஊர்வலத்துக்கு இரண்டுமே நல்ல முழக்கங்கள். சித்தூர்க்காரருக்கு என்ன வேண்டும் என்று இரண்டுமே கேட்கவில்லை.

கடைசியில் கேட்கப்பட்டது மக்கள்தொகைக் கணக்கிடம். மத்தியஸ்தராக வந்த எச்.வி. படாஸ்கர் கிராமத்தை அலகாக வைத்து, பெரும்பான்மை மொழியையும் நிலத் தொடர்ச்சியையும் பார்த்துக் கோடு போட்டார். அந்தக் கோடு 1959-இல் சட்டமாகி, அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது: திருத்தணி இங்கே, சத்தியவேடு அங்கே, சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே. இதைவிட நேர்மையான அளவுகோல் அன்று கையில் இல்லை என்பார்கள். இருக்கலாம். ஆனால் வீட்டில் என்ன பேசுகிறோம் என்று சொன்ன பதிலை, எந்த மாநிலத்தில் இருக்க விரும்புகிறோம் என்ற பதிலாக எடுத்துக்கொண்டது சரியா? வீட்டில் தமிழும் சந்தையில் தெலுங்கும் பேசும் குடும்பத்துக்குக் கணக்கெடுப்புப் படிவம் தாய்மொழிக்கென்று ஒரே ஒரு கட்டம்தான் தருகிறது. அந்தக் கட்டத்துக்கு இவ்வளவு அதிகாரம் உண்டென்று தெரிந்துவிட்டால் அதை நிரப்புவதே அரசியலாகிவிடும். பஞ்சாபில் 1951-இல் மொழிக் கணக்கு அப்படித்தான் சண்டையாகி, இந்தி, உருது, பஞ்சாபி, பஹாடி எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிக் காட்ட வேண்டி வந்தது.

அப்படியானால் வாக்கெடுப்பு நடத்தியிருக்கலாமே என்று கேட்கலாம். பழைய சோவியத் நாடான மால்டோவா 2024 அக்டோபரில் அதைத்தான் செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் இலக்கை அரசியல் சாசனத்தில் எழுதலாமா என்று மக்களைக் கேட்டார்கள். ‘எழுதலாம்’ என்றவர்கள் 50 சதவீதத்துக்குச் சற்று மேல். உள்நாட்டு வாக்குகளை மட்டும் எண்ணியிருந்தால் ‘வேண்டாம்’ வென்றிருக்கும். வெளிநாட்டில் வேலை செய்யும் மால்டோவர்கள்தான் முடிவை மாற்றினார்கள். ககவுசியா பகுதியில் ஏறத்தாழ 95 சதவீதம் பேர் எதிர்த்தார்கள். சித்தூரில் 1950-களில் இப்படி ஓட்டுப் பெட்டி வைத்திருந்தால் ஊருக்கு ஊர் ஒரு ககவுசியா முளைத்திருக்கும் என்ற அச்சம் வீணானதல்ல. ஆனாலும் மால்டோவாவில் தோற்றவர்கள் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள் என்று அரசுக்குத் தெரியும். அவர்களிடம் போய்ப் பேசியே தீர வேண்டும். கணக்கெடுப்பில் தோற்றவர்கள் தோற்றதாகவே பதிவாவதில்லை. திருத்தணிப் பக்கம் தமிழறிஞர் மங்கலங்கிழார் போன்றவர்கள் உள்ளூரிலேயே நின்று குரல் கொடுத்தார்கள். அப்படி ஆள் கிடைக்காத கிராமத்தின் விருப்பம் எந்தக் கோப்பில் ஏறியிருக்கும்?

ஒரே நாட்டுக்குள் போட்ட கோடுதானே, இதனால் என்ன குடிமுழுகிப் போயிற்று என்பது இன்னொரு மறுப்பு. இதில் பாதி நியாயம் இருக்கிறது. கை முறிந்தவர் தமிழ்நாட்டிலிருந்து எலும்பு முறிவுக்குப் போடும் புத்தூர் கட்டுக்கு வருகிறார். சித்தூர் நோயாளி வேலூர் சி.எம்.சி.க்குப் போகிறார். திருமலையில் மார்கழி முழுக்கச் சுப்ரபாதத்தை நிறுத்திவிட்டுத் திருப்பாவைதான் சொல்கிறார்கள். ஆந்திர அரசு நியமிக்கும் அறங்காவலர் குழுவின் கீழ், ஆண்டாளின் தமிழில். வேங்கடம் போனதால் தமிழே போயிற்று என்ற அன்றைய புலம்பல் மிகைதான். ஐரோப்பாவில் ஒருங்கிணைப்பை விரும்புகிறவர்கள் கேட்கும் தடையற்ற போக்குவரத்து இங்கே ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் நகரியில் நெசவு செய்யும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை எந்த மொழியில் படிப்பது, பட்டாவில் இருப்பதை யார் படித்துச் சொல்வது, சாதிச் சான்றிதழ் எல்லைக்கு அப்பால் செல்லுமா என்பவற்றைப் பேருந்து வசதி தீர்த்து வைக்காது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகி, புத்தூரும் சத்தியவேடும் அதில் சேர்ந்தன. நகரி சித்தூரிலேயே நின்றது. மாவட்ட எல்லையை இப்படி மாற்றி எழுத முடிகிறபோது, எல்லையோரப் பள்ளிகளையும் அலுவலகங்களையும் இருமொழியாக்குவது முடியாத காரியமா என்ன?

சித்தூரிலிருந்து சாலை பலமநேர் வழியாக மேற்கே குப்பத்துக்குப் போகிறது. மூன்று மாநிலங்கள் சந்திக்கும் அந்த மூலையில்தான் 1997-இல் திராவிடப் பல்கலைக்கழகத்தை நிறுவினார்கள். அது அடுத்த பகுதியில்.