சாந்தாவும் தாமுவும் எங்க அம்மிச்சியும்

போன மே மாசம் எங்க அம்மிச்சி கிணத்துக்கடவு தோட்டத்துச் சாளையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாங்க. ஆறு வாரம் மாவுக்கட்டு. "தோட்டத்துல தனியா இருந்து என்ன பண்ணுவீங்க?" என்று அம்மா போய் கூட்டிக்கொண்டு வந்து, சிங்காநல்லூரில் எங்க வீட்டு ஹாலில் கட்டில் போட்டுப் படுக்க வைத்துவிட்டாங்க. எனக்கு செமஸ்டர் லீவு. அம்மா வேலைக்குப் போனால் பகல் முழுக்க அம்மிச்சிக்கு நான்தான் காவல்.

சாயங்காலம் ஆனால் சீரியல் வந்துவிடும், பிரச்சனை இல்லை. மத்தியானம்தான் ஓடாது. அம்மிச்சி மின்விசிறியையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பாங்க. நான் லேப்டாப்பும் கையுமாக சீனத் தொடர் பார்த்துக்கொண்டிருப்பேன். மூணாவது நாள் அம்மிச்சி கேட்டாங்க, "அதென்ன கண்ணு, நீயா சிரிச்சுக்கற? எனக்குங் காட்டு."

அப்படி ஆரம்பித்ததுதான் இந்தக் கதை. லேப்டாப்பை டிவியில் மாட்டினேன்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது 'மீட்டியார் கார்டன்'. 2018-ல் சீனாவின் ஹூனான் டிவியில் வந்தது. மொத்தம் 49 எபிசோடு. நெட்ஃபிளிக்ஸிலும் வந்ததால் நம்ம ஊர் வரைக்கும் பரவியது. தெரியாதவங்களுக்குக் கதை நாலு வரியில்: நடுத்தரக் குடும்பத்துப் பொண்ணு ஷான்ட்சாய். பணக்காரப் பசங்க நிறைந்த காலேஜில் சேருகிறாள். அங்கே நாலு பேர் கொண்ட ஒரு ஹீரோ கேங். அதன் தலைவன் தாவ்மிங் ஸ். அவன் இவளுடைய போனை மிதித்து உடைக்க, இவள் மன்னிப்புக் கேள் என்று நிற்க, மோதல் அப்புறம் காதல். நம்ம தமிழ் சினிமாவுக்குப் புதுசா என்ன?

இந்தக் கதையே ஊர் சுற்றி வந்ததுதான். மூலம் யோகோ காமியோ வரைந்த ஜப்பானிய மங்கா. 1992-ல் தொடங்கியது. அதைத் தைவானில் 2001-ல் தொடராக எடுத்தாங்க. 2005-ல் ஜப்பான், 2009-ல் கொரியா. அந்தக் கொரியத் தொடர்தான் 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்'. 2013-ல் ஆரம்பித்த புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழில் பேச வைத்துப் போட்டதே, அதில் இதுவும் உண்டு. எங்க தெருவில் அக்காமார் எல்லாம் வீட்டுப்பாடத்தைப் போட்டுவிட்டு அதைப் பார்த்தது எனக்கு லேசாக ஞாபகம் இருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், தைவான் தொடர் இளசுகளைக் கெடுக்கிறது என்று சொல்லி 2002-ல் சீன அரசு அதை ஒளிபரப்பவிடாமல் நிறுத்தியது. பதினாறு வருசம் கழித்து அதே கதையை அங்கேயே எடுத்து, அங்கேயே டிவியில் போட்டாங்க.

சரி, மேட்டருக்கு வருவோம்.

அம்மிச்சிக்கு இங்கிலீஷ் தெரியாது, சீனம் தெரியாது. ஆகவே சப்டைட்டிலைப் படித்து அப்படியே நம்ம பாஷையில் சொல்ல வேண்டிய வேலை எனக்கு. பி.காம். படிக்கிறவளுக்கு இது தேவையா? ஆனால் இரண்டு நாளில் பிடித்துப்போனது. பேர்தான் தகராறு. ஷான்ட்சாய் வாயில் நுழையவில்லை, சாந்தா ஆக்கிவிட்டாங்க. தாவ்மிங் ஸ் தாமு ஆனான். அவனோட நண்பன் ஹுவாட்ஸெ லெய், வயலின் வாசிக்கிற அமைதியான பையன், வெறும் லேயி.

முதல் எபிசோடு பாதி கூட ஓடியிருக்காது. அம்மிச்சி கேட்டாங்க:

"அவங்க என்ன ஆளுங்க கண்ணு?"

"சீனாக்காரங்க அம்மிச்சி."

"அது தெரியுது. சாந்தா என்ன ஆளுங்க, தாமு என்ன ஆளுங்க?"

"அங்கெல்லாம் அப்படி இல்லீங்க. எல்லாரும் ஒண்ணுதான்."

"எல்லாரும் ஒரே ஆளுங்களா?"

"ஆமாங்க."

"அப்புறம் எதுக்குச் சண்ட?"

"தாமு பணக்காரன், சாந்தா பணம் இல்லாதவ. அதான்."

அம்மிச்சி முகத்தில் ஏமாற்றம். "பணந்தானா!" என்றாங்க. "பணம் இன்னிக்கு வரும் நாளைக்குப் போகும். அதுக்கா இத்தனை நாள் படம் எடுத்திருக்கறாங்க?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அன்றைக்கே கிளாஸ் குரூப்பில் வாய்ஸ் நோட் போட்டேன். எல்லோரும் சிரித்தாங்க.

அதற்கப்புறம் குரூப்பில் நடந்த சண்டையைச் சொல்லியாக வேண்டும். எங்க கிளாஸில் இந்தத் தொடரைப் பார்த்தவர்கள் ஏழு பேர். ஏழு பேருக்கும் எட்டு கருத்து. கோபி பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் இருக்கிற ஒருத்திக்கு தாமு என்றால் உயிர். "எவ்வளவு திமிர் பிடிச்சவன், அவளுக்காக எப்படி மாறறான் பாரு" என்பாள். தாராபுரத்துக்காரி நேர் எதிர். தாமு எத்தனை தடவை சாந்தாவின் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போகிறான் என்று நோட்டில் கோடு போட்டு எண்ணியிருக்கிறாள். "இவன் மாறறதுக்கு இவ எதுக்கு அடி வாங்கணும்? லேயிதான் மனுசன்" என்பது அவள் கட்சி. தைவான் தொடரையும் தேடிப்பிடித்துப் பார்த்த ஒருத்தி, "பழசுல இருந்த காரம் புதுசுல இல்ல. எல்லாருக்கும் பவுடர் அப்பி, கொடுமையெல்லாம் குறைச்சு, பால்கோவா பண்ணி வெச்சிருக்கானுங்க" என்றாள். அதுவும் உண்மை. பழைய தொடரில் காலேஜே சேர்ந்து அந்தப் பொண்ணை ஓட ஓட விரட்டும். புதுசில் அந்தப் பசங்க பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் புலிகளாம்!

என் தம்பியின் கருத்து ஒரே வரி: "பரீட்சையே எழுதாம எல்லாவனும் எப்படிப் பாஸாகறான்?"

நான் தாமு கட்சி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அம்மிச்சிக்கு மொழிபெயர்க்கும்போது ஒரு தப்பு செய்தேன். தாமு கத்துகிற இடத்திலெல்லாம் கொஞ்சம் தணித்துச் சொன்னேன். அவன் மிரட்டுவான், நான் கெஞ்சுகிற மாதிரி சொல்லுவேன். அம்மிச்சி கண்டுபிடித்துவிட்டாங்க. "அவன் மூஞ்சி அப்படிச் சொல்லுலியே கண்ணு?" என்றாங்க. மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிற காட்சி வந்தபோது, "எங்க காலத்துல பொம்பளப்புள்ள கையப் புடிச்சிருந்தா ஊரக் கூட்டியிருப்பாங்க" என்றாங்க. எனக்கு வடிவேலு பஞ்சாயத்துக் காமெடி ஞாபகம் வந்து சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அன்று ராத்திரி தாராபுரத்துக்காரியின் நோட்டையும் அம்மிச்சி சொன்னதையும் சேர்த்து யோசித்துப் பார்த்தேன். நமக்குப் பிடித்த மூஞ்சியாக இருந்தால் மட்டும் கை பிடித்து இழுப்பது காதல். அதுவே பஸ் ஸ்டாண்டில் எவனோ செய்தால்? என் கட்சி கொஞ்சம் ஆட்டம் கண்டது.

அம்மிச்சிக்கு ஹீரோவே முக்கியம் இல்லை. அவங்களுக்கு சாந்தாதான். தன் பேர் ஒரு காட்டுச்செடியின் பேர், களை மாதிரி எங்கே போட்டாலும் முளைப்பேன் என்று அவள் சொல்லுவாள். அதைச் சொன்னதும் அம்மிச்சி படுத்திருந்தபடியே கையைத் தட்டினாங்க. "கோரை! கோரையாட்டப் புள்ள!" தக்காளிக் காட்டில் கோரை பிடுங்கிப் பிடுங்கி இடுப்பு ஒடிந்தவங்களுக்குத்தான் அதோட அருமை தெரியும். மேலே பிடுங்கினால் கீழே கிழங்கு இருக்கும். ஒரு மழை போதும். ஒரே ஒரு குறைதான் அவள் மேல்: "கட்டிக்கப் போறவன முழுப்பேரு சொல்லியா கூப்புடுவா?"

நாளைக்கு இரண்டு எபிசோடு வீதம் போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் வேலை முடித்து வருகிற அம்மாவும் கடைசி பத்து நிமிசம் நின்று பார்ப்பாங்க. அம்மாவுக்கு லேயியைப் பிடிக்கும். "மாப்பிள்ளைன்னா இப்படி அமைதியா இருக்கணும்" என்று அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி சொல்லுவாங்க.

அப்புறம் தாமுவின் அம்மா கதைக்குள் வந்தாங்க. பெரிய கம்பெனியை நடத்துகிறவங்க. என் மகனை விட்டு விலகிப் போ என்று பணத்தை நீட்டுகிறாங்க, அது நடக்காமல் போனதும் மிரட்டுகிறாங்க. நான் வழக்கம்போல் சப்டைட்டில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மிச்சி பேசவே இல்லை. இரண்டு எபிசோடு முழுக்க ஒரு வார்த்தை இல்லை. அம்மா வந்தாங்க, டிவியைப் பார்த்தாங்க, அம்மிச்சியைப் பார்த்தாங்க, உள்ளே போய்விட்டாங்க.

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எனக்கு ஒரு சித்தி உண்டு. அம்மிச்சியின் கடைசிப் பொண்ணு. 2003-ல் கூடப் படித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு போனவங்க. அவர் வேற ஆளுங்க. அவ்வளவுதான் விசயம். குடியில்லை, கடனில்லை, நல்ல வேலை. திருப்பூரில் இருக்கிறாங்க, பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். அன்றிலிருந்து அம்மிச்சி வீட்டில் அவங்க பேரை யாரும் எடுத்ததில்லை. நோம்பிக்கு, கல்யாணத்துக்கு ஒறம்பரை கூடினாலும் எண்ணிக்கையில் ஒன்று குறைவாகவே எண்ணுவாங்க. எங்க அம்மா மட்டும் போனில் பேசுவாங்க. அந்த நம்பர் அம்மா போனில் 'டெய்லர் அக்கா' என்று இருக்கிறது. சித்தி பையன் இப்போது பத்தாவது. அம்மிச்சி அவனைப் பார்த்ததே இல்லை.

'பணந்தானா' என்று அம்மிச்சி கேட்டதை நான் ஜோக்காக குரூப்பில் போட்டேனே, அது ஜோக்கே இல்லை. பணம் என்றால் தீர்ந்துபோகிற பிரச்சனை என்பது அவங்க அனுபவத்தில் கண்ட உண்மை. தீராத ஒன்று என்னவென்று அவங்களுக்குத் தெரியும். இருபது வருசத்துக்கு மேல் அதைக் கட்டிக் காப்பாற்றியவங்க அவங்க.

எங்க பக்கத்தில் இதெல்லாம் வெறும் வெசனத்தோடு முடிகிறதும் இல்லை. 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை பஸ் நிலையம் பக்கத்தில் பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றாங்க. இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த தலித் பையன். கூடவே வெட்டுப்பட்ட அவர் மனைவி கௌசல்யா பிழைத்தாங்க. 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் பெண்ணின் அப்பா உட்பட ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை கொடுத்தது. 2020 ஜூனில் உயர்நீதிமன்றம் அப்பாவை விடுதலை செய்து, ஐந்து பேருக்கு ஆயுளாகக் குறைத்தது. கொலை நடந்தபோது நான் சின்னப் பொண்ணு. செய்தியில் அந்த சிசிடிவி காட்சி வந்ததும் அப்பா ரிமோட்டை எடுத்து அணைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அன்று ராத்திரி அம்மா ரொம்ப நேரம் 'டெய்லர் அக்கா'வோடு பேசினாங்க. அது ஏனென்று இப்போதுதான் புரிகிறது.

இருபத்தஞ்சாவது நாள் கடைசி எபிசோடு. தாமுவின் அம்மா வழிக்கு வந்துவிட்டாங்க. எல்லோரும் சந்தோசம். நான் லேப்டாப்பை மூடப் போனேன்.

"கடசீல அந்தம்மா ஒத்துக்கிட்டாளா?" என்றாங்க அம்மிச்சி. இப்போதுதான் பார்த்தாங்க, இருந்தும் கேட்டாங்க.

"ஒத்துக்கிட்டாங்க அம்மிச்சி."

"ஊருல யாரும் ஒண்ணும் சொல்லுலியா?"

"இல்லீங்க."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அவங்களுக்கென்ன, எல்லாரும் ஒரே ஆளுங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாங்க.

அம்மிச்சி மனசு மாறி சித்திக்குப் போன் போட்டாங்க, எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதாங்க என்றெல்லாம் எழுத ஆசைதான். நடக்கவில்லை. மாவுக்கட்டு பிரித்ததும் கிணத்துக்கடவு போய்விட்டாங்க. போகும்போது என்னைக் கூப்பிட்டு, "நீயும் காலேஜுல இப்பிடி யாரையாச்சும்..." என்று நிறுத்தினாங்க. "ஐயோ இல்லீங்க அம்மிச்சி" என்று உடனே சொன்னேன். (கிளாஸ்மேட்ஸ், கமெண்டில் யாரும் எதையும் கிளப்ப வேண்டாம், ப்ளீஸ்.)

எனக்கு இப்போது இருக்கிற சந்தேகம் இதுதான். சாந்தாவுக்காக அவ்வளவு கை தட்டினது பொய்யா? இல்லை, பொய் என்று நினைக்க முடியவில்லை. அந்த இருபத்தஞ்சு நாளும் அம்மிச்சி மனசார அந்தப் பொண்ணு பக்கம்தான் நின்றாங்க. தூரத்துப் பொண்ணாக இருந்தால் நாம் எல்லோருமே நல்லவங்கதான். பீஜிங் தூரம் என்றால் உடனே மனசு இறங்கும். திருப்பூர் என்றால் இறங்காது. தாமு கட்சியா லேயி கட்சியா என்று மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட நாங்கள் ஏழு பேரும், எங்கள் வீடுகளில் இந்த இன்னொரு கேள்வியைக் கேட்டதே இல்லை. ஏழு வீட்டிலும் ஒரு 'டெய்லர் அக்கா' இருக்கலாம்.

ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். போன வாரம் அம்மிச்சி போன் செய்தாங்க. கால் தேவலை, தக்காளி விலை இல்லை என்றெல்லாம் சொல்லிவிட்டு, "அந்தச் சாந்தாக் கதையில, அம்மாக்காரி ஒத்துக்க எத்தன நாளு ஆச்சு?" என்றாங்க.

"49 எபிசோடு அம்மிச்சி."

"அவ்வளவுதானா," என்று சொல்லி வைத்துவிட்டாங்க.

பின்குறிப்பு: அடுத்த லீவுக்கு அம்மிச்சிக்கு வேறு நல்ல சீனத் தொடர் இருந்தால் சொல்லுங்க. மாமியார் வராததாக இருந்தால் நல்லது.