மூணு கட்டில், ஒரு ஜன்னல்

பெங்களூரு மடிவாளாவில் மகள் தங்கியிருக்கிற பி.ஜி. (பேயிங் கெஸ்ட்) விடுதிக்குப் போயிருந்தேன். மூணு கட்டில், ஒரு ஜன்னல். சூட்கேஸ், புத்தகம், ஊர் ஊறுகாய் பாட்டில் எல்லாம் கட்டிலுக்கு அடியில். காலி பண்ணும்போது அட்வான்ஸில் பெயின்ட் காசைக் கழிப்பாங்களாம். சுவரில் பெயின்ட்டே இல்லை!

அங்கே பழசு ஞாபகம் வந்தது. 2019-ல் டெல்லி ஜே.என்.யு. பல்கலைக்கழக விடுதியில் தனி அறை வாடகையை மாசம் 20 ரூபாயிலிருந்து 600 ஆக்க முடிவானப்ப மாணவர்கள் தெருவுக்கு வந்தாங்க. "அறுநூறுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"னு கேட்டவன் நான். கூடவே 1,700 ரூபாய் சேவைக் கட்டணம் வந்ததைக் கவனிக்கலை.

மகள் மாதிரி பி.ஜி.யில் இருக்கிறவங்களுக்கு வரியும் சேர்ந்தது. 2023-ல் பி.ஜி. வாடகைக்கு 12% ஜி.எஸ்.டி. உண்டுன்னு கர்நாடகத்தில் தீர்ப்பு வந்தது. 90 நாளாவது தங்கினா மாசம் 20,000 ரூபாய் வாடகை வரை வரி இல்லைன்னு ஆனது 2024-ல்தான்.

பல்கலைக்கழகம் கட்டாத அறையை யாரோ லாபத்துக்குக் கட்டறாங்க. வாடகை கட்டும்போதுதான் அந்த ஜே.என்.யு. பிள்ளைகளோட கோபம் புரியுது.