சந்தை நாள் பையன்கள்

ஞாயிறு காலை. கொடைக்கானல் சந்தைக்கு மேல்மலைப் பேருந்துகள் வந்து சேர்ந்தாயிற்று. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், பூண்டி. வாரச் சாமான் வாங்க வந்தவர்கள் கூடையும் கோணிப்பையுமாக இறங்கிப் போகிறார்கள். கூட வந்த பையன்களை என்ன செய்வது என்பதுதான் சிக்கல். சந்தைக்குள் விட்டால் கூட்டத்தில் காணாமல் போவான். ஏரிப் பக்கம் விட்டால் வாடகை சைக்கிளுக்குக் காசு கேட்பான். கிளை நூலகம் இருக்கவே இருக்கிறது. வெள்ளிதான் விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும், உட்காரக் காசு இல்லை.

"இங்கனயே உக்காந்துரு. வெளிய போன, கால ஒடிச்சுப்புடுவேன்." ஒரு பையனின் அம்மா வாசலோடு திரும்பிவிட்டார்.

நீண்ட மேசை முழுக்கப் போட்டித் தேர்வுக்காரர்கள். டி.என்.பி.எஸ்.சி. வழிகாட்டியும் மஞ்சள் மை பேனாவுமாக யாரும் தலை தூக்குவதில்லை. செய்தித்தாள் மேசையில் மப்ளர் சுற்றிய பெரியவர் இருவர். சுவரோரப் பெஞ்சு பையன்களுக்கு. நான்கு பேர், ஆறாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவில் எங்கோ. ஒருவன் கம்பளிக் குல்லாவைப் புருவம் வரை இழுத்துவிட்டிருக்கிறான். இன்னொருவன் ஸ்வெட்டருக்கு மேல் அண்ணனுடைய கால்பந்து ஜெர்சியை மாட்டியிருக்கிறான். மூன்றாமவன் குட்டை, வாய் ஓயாது. நான்காமவன் மஞ்சள் பையை மடியில் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான்.

"ஏதாச்சும் எடுத்துப் படிங்கடா தம்பிகளா" என்கிறார் நூலகர் அக்கா, பதிவேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சரிக்கா."

யாரும் எழவில்லை.

அதற்காக வாசிக்காத கூட்டம் என்று முத்திரை குத்த வேண்டியதில்லை. குட்டைப் பையன் தினசரியின் விளையாட்டுப் பக்கத்தை மட்டும் உருவிக்கொண்டான். ஸ்கோர் பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஓர் எண் விடாமல் படித்து, போன ஆட்டத்தில் யார் எத்தனை ரன் என்று ஜெர்சிக்காரனோடு மல்லுக்கு நிற்கிறான். குல்லாக்காரனிடம் போன். அதில் ஏதோ விளையாட்டின் அறிவிப்பு ஆங்கிலத்தில் ஓடுகிறது. அவனுக்கு வேண்டிய சொல் அத்தனையும் அவனுக்குத் தெரிகிறது. மஞ்சள் பைக்காரன் பையிலிருந்து பீன்ஸ் விதைப் பொட்டலத்தை எடுத்துப் பின்பக்கம் திருப்புகிறான். முளைப்புத்திறன், ஈரப்பதம், காலாவதி தேதி. பொடி எழுத்து. விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக நகர்கிறான், உதடு அசைகிறது. வீட்டில் இதைப் படித்துச் சொல்கிற ஆள் இவன்தான் போலிருக்கிறது.

'சிறுவர் பகுதி' என்று எழுதிய அலமாரி எதிரே நிற்கிறது. தமிழ்நாட்டில் எந்த ஊர் நூலகத்துக்குப் போனாலும் இந்த அலமாரியின் அடுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். நீதிக்கதைகள், தலைவர்கள் வரலாறு, திருக்குறள் கதைகள், பொது அறிவு வினா விடை. பையன் என்னவாக ஆக வேண்டும் என்று பெரியவர்கள் ஆசைப்பட்டு வாங்கியவை. படித்துத் திருந்து என்கிற வாடை பன்னிரண்டு வயதுக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடும்.

குல்லாக்காரன் போய் ஒன்றை இழுத்தான். அட்டையில் முயல். அதற்குள் ஜெர்சிக்காரன் பார்த்துவிட்டான்.

"மாப்ள பாப்பா புக்கு எடுக்குறாண்டா!"

முயல் வந்த வேகத்தில் உள்ளே போயிற்று.

"எல்லாமே மொக்க" என்று குல்லாக்காரன் தீர்ப்புச் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். இந்த 'மொக்க'யைக் கொஞ்சம் உற்றுக் கேட்க வேண்டும். ஏழாம் வகுப்பில் இருந்தும் ஒரு பக்கத்தைத் தடுக்காமல் படிக்க வராத பையன், அதை நண்பர்கள் முன்னால் ஒப்புக்கொள்வானா? புத்தகத்தைத் திட்டிவிடுவது மானத்தைக் காப்பாற்றும். அவனால் படிக்க முடிவது சின்னப் பிள்ளைகளின் புத்தகம். அவன் வயதுக்குப் பிடிப்பது அவனால் படிக்க முடியாத தடிமனில் இருக்கிறது. எடின்பரோவில் 1998இல் தொடங்கிய பாரிங்டன் ஸ்டோக் என்ற பதிப்பகம் இந்த இடைவெளிக்கென்றே புத்தகம் போடுகிறது. கதை பெரிய பையனுக்குரியது. வாக்கியம் எளியது, புத்தகம் மெலிது, தாள் கண்ணைக் கூசாத நிறம். தமிழில் இதற்கென்று ஒரு பதிப்பகம் வந்தால் முதல் வாடிக்கையாளர்கள் இந்தப் பெஞ்சில்தான் இருக்கிறார்கள்.

அரசுப் பள்ளிகளில் 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் அந்தத் திசையில் ஓர் அடி. நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகப் பிரித்த சிறு நூல்கள். ஒரே மூச்சில் முடித்துவிடலாம். முடித்தேன் என்று சொல்லிக்கொள்ளும் சுகத்தைப் பல பையன்களுக்கு முதன்முதலாகக் கொடுத்தது அந்த மெலிசுப் புத்தகமாகத்தான் இருக்கும். ஆறாவது முதல் ஒன்பதாவது வரை படிப்பவர்களுக்குப் பள்ளிக்கல்வித் துறையின் 'தேன்சிட்டு' இதழும் வருகிறது.

மேகம் இறங்கி ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. நூலகர் அக்கா எழுந்தார். உள் அலமாரியிலிருந்து ஆறேழு புத்தகங்களை எடுத்துவந்து, செய்தித்தாள் மேசையின் காலி ஓரத்தில் அட்டை மேலே தெரியும்படி பரப்பினார். பையன்கள் பக்கம் திரும்பவே இல்லை. இன்னாருக்கு இன்ன புத்தகம் என்று சொல்லவில்லை. போய்ப் பதிவேட்டை விரித்துக்கொண்டார். வாசகருக்கு அவருக்கான நூல், நூலுக்கு அதற்கான வாசகர் என்று நூலகவியலாளர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் விதி எழுதினார். அதன் செய்முறை இவ்வளவுதான் என்று பட்டது.

ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு குல்லாக்காரன் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் மேசையைச் சுற்றிக்கொண்டு போனான். திரும்பும்போது கையில் ஒரு பழைய முத்து காமிக்ஸ். 1972இல் சிவகாசியிலிருந்து இரும்புக்கை மாயாவியோடு கிளம்பிய வரிசை. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் அந்த ஆள், இந்தப் பையனின் அப்பா வயதுக்காரர்கள் பலருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுத்த வாத்தியார். காமிக்ஸைப் புத்தகக் கணக்கில் சேர்க்காத பெரியவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். குல்லாக்காரன் பலூனுக்குள் இருப்பதைப் படிக்கிறான், தெரியாத சொல்லைப் படத்தைப் பார்த்து ஊகிக்கிறான், பக்கம் திருப்புகிறான். வாசிப்பு என்பது வேறென்ன?

குட்டைப் பையன் கையில் 'குமாயுன் புலிகள்'. ஜிம் கார்பெட் 1944இல் எழுதியது, தி. ஜ. ர. தமிழில் தந்தது. அவனால் மனதுக்குள் படிக்க முடியவில்லை. எல்லாருக்கும் சேர்த்துத்தான் படிக்கிறான்.

"டேய், நானூத்தி முப்பத்தாறு பேரைக் கொன்னுருக்குடா! ஒரே புலி!"

"புலி எல்லாம் ஒண்ணும் இல்ல. எங்க சித்தப்பாவக் காட்டுமாடு முட்டித் தூக்கி வீசிருச்சு."

"உங்க சித்தப்பா வரப்புல வழுக்கி விழுந்தாருன்னு எங்கம்மா சொல்லுச்சு."

செய்தித்தாள் பெரியவர் மப்ளருக்குள் சிரித்தார். தேர்வுக்காரர் ஒருவர் 'உஷ்' என்றார். அந்தச் சம்பாவத் புலியை 1907இல் கார்பெட் சுட்டு வீழ்த்தும் இடம் வரை வாசிப்பு அடங்கிய குரலில் தொடர்ந்தது. காட்டுமாடு கடைவீதியிலேயே உலாத்தும் ஊரில் வளர்கிற பையனுக்குக் காட்டு விலங்கு புத்தகப் படம் இல்லை. அவனுக்கு அதில் சொந்தக் கருத்து உண்டு. கருத்துச் சொல்ல இடம் இருக்கிற புத்தகத்தைத்தான் அவன் கையில் எடுக்கிறான்.

ஜெர்சிக்காரன் கடைசியாக எழுந்தான். மீந்ததில் மெலிசானது எதுவோ அது. 'வாடிவாசல்'. நூறு பக்கம்கூட இல்லை. முதல் பக்கத்தை நின்றுகொண்டே படித்தான். இரண்டாவதில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் காலைப் பெஞ்சு மேல் மடக்கிக்கொண்டான். அப்பனைக் குத்திக் கொன்ற காரிக் காளையை அணைய வரும் பிச்சி, அவனோடு வரும் மருதன், வாடிவாசல் ஓரத்தில் நின்று பேசும் கிழவன், காளைக்குச் சொந்தக்காரரான ஜமீன்தார். ஒரு ஜல்லிக்கட்டு, ஒரு பொழுது, கதை முடிந்தது. அறிவுரை ஒரு வரி கிடையாது. இலக்கிய விமர்சகர்கள் கொண்டாடும் இந்தக் குறுநாவலைச் சிறுவர் நூலாகப் பொதுவாக யாரும் பட்டியலிடுவதில்லை. ரத்தம் இருக்கிறது, சாவு இருக்கிறது. டிவியில் பொங்கலுக்கு அலங்காநல்லூர் பார்த்து வளர்ந்தவனுக்கு அது புதிதும் இல்லை. முக்கியமாக, அதில் பேசுகிறவர்கள் இவன் வீட்டுப் பெரியவர்கள் பேசுகிற தமிழைப் பேசுகிறார்கள். பாடப் புத்தகத் தமிழில் இடறி விழுகிறவன் அதில் ஓடுகிறான்.

'வாடிவாசல்' எழுதிய சி. சு. செல்லப்பா வளர்ந்தது வத்தலக்குண்டில், இந்த மலையின் அடிவாரத்தில். இந்தப் பையன்கள் மலை இறங்கினால் பேருந்து நிற்கும் ஊர். எழுத்தாளர்கள் பி. ஆர். ராஜமய்யரும் பி. எஸ். ராமையாவும் அதே ஊர்தான். விற்காத புத்தகங்களைத் தோளில் சுமந்து ஊர் ஊராகவும் கல்லூரி கல்லூரியாகவும் கொண்டுபோய்க் கொடுத்தவர் செல்லப்பா. வாசகன் வரவில்லை என்று புலம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 'வாடிவாசல்' இப்போது பெருமாள்முருகனின் எழுத்திலும் அப்புபெனின் ஓவியத்திலும் படக்கதையாகவும் வந்திருக்கிறது. அதன் ஒரு பிரதி இந்த மேசையில் கிடந்திருந்தால் நான்கு பேருக்குள் அடிதடி நடந்திருக்கும்.

மழைக்கு ஒதுங்கிய சுற்றுலாக் குடும்பம் ஒன்று உள்ளே வந்தது. அவர்கள் பையன் கையில் ஆங்கிலப் புத்தகம், 'டைரி ஆஃப் எ விம்பி கிட்'. கோடு போட்ட நோட்டில் ஒரு பையன் கையால் எழுதியது போன்ற எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் கிறுக்கல் படம். அவன் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்க, அவன் அம்மா நூலகரிடம் குறைபட்டுக்கொள்கிறார்: "இதைத் தவிர வேற எதையும் தொட மாட்டேங்கிறான் மேடம்." ஜெஃப் கின்னி 2007இல் தொடங்கிய அந்த வரிசையில் பதினெட்டுக்கும் மேல் வந்துவிட்டன. அத்தனையையும் படித்தவனைப் பற்றித்தான் இந்தக் குறை! ஆங்கிலத்தில் வாசிக்கத் திணறும் பையனுக்காகவே பிறந்த கதையும் உண்டு. கவனச்சிதறலும் எழுத்துக் குழப்பமும் கொண்ட தன் மகனுக்கு இரவில் சொன்ன கதையைத்தான் ரிக் ரியோர்டன் என்ற பள்ளி ஆசிரியர் 'பெர்சி ஜாக்சன்' நாவலாக்கினார். அதன் நாயகனுக்கும் அதே சிரமங்கள் உண்டு. ஆங்கிலப் பையனுக்கு இப்படித் தேடித் தேடி எழுத ஆள் இருக்கிறது. தமிழ்ப் பையனுக்கும் கிடைக்கவே கிடைக்காது என்றில்லை. ஜெயமோகனின் சிறுவர் நாவல் 'பனிமனிதன்' அந்த மேசையிலேயே கிடந்தது, யார் கையும் படாமல். அடுத்த ஞாயிறு யாராவது எடுக்கலாம். எடுக்காமலும் போகலாம். பிடிக்காததைப் பாதியில் மூடுவதும், ஒன்றையே பத்து முறை படிப்பதும், பக்கம் தாண்டுவதும் வாசகன் உரிமை என்று பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக் 1992இல் ஒரு புத்தகமே எழுதினார். அவரும் பள்ளி ஆசிரியர்.

மஞ்சள் பைக்காரன் மட்டும் கடைசி வரை மேசைப் பக்கம் போகவில்லை. விதைப் பொட்டலத்தைப் பத்திரமாக உள்ளே வைத்தவன், மெல்ல நகர்ந்து குல்லாக்காரனின் தோள் மேலாக மாயாவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். குல்லாக்காரன் பக்கத்தைத் திருப்பும் முன் ஒருமுறை அவனைத் திரும்பிப் பார்த்தான். பிறகு ஒவ்வொரு முறையும் காத்திருந்தான்.

ஜெர்சிக்காரனின் அம்மா பை நிறையச் சாமானோடு வந்து நின்றார்.

"எந்திரி. மன்னவனூர் வண்டி போயிரும்."

"இன்னும் கொஞ்சம்தாம்மா இருக்கு. இத எடுத்துட்டு வரவா?"

"பாடப் புக்கையே தொடமாட்ட. இது எதுக்கு?"

உறுப்பினராக விண்ணப்பம் வேண்டும், வைப்புத்தொகை வேண்டும், பேருந்து நிற்காது. நூலகர் அக்கா கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினார், பதிவேட்டில் எழுதினார், அவனிடமே திருப்பிக் கொடுத்தார். "என் பேர்ல போட்டுக்கிட்டேன். வர்ற ஞாயிறு கொண்டாந்துரணும்." அந்த அம்மா என்ன சொல்வதென்று தெரியாமல் ஒரு முட்டைக்கோஸை எடுத்து மேசை மேல் வைக்கப் பார்த்தார். அக்கா மறுத்துவிட்டார்.

கொடைக்கானலுக்குச் சொந்த வண்டியில் சுற்றுலா வருகிறவர்கள் 2024 மே முதல் இ-பாஸ் எடுத்துத்தான் வர வேண்டும். பாஸ் எடுக்கும்போதே இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். வீட்டில் உங்கள் பையன் படித்து முடித்துத் தூக்கிப் போட்ட காமிக்ஸ், துப்பறியும் கதை, கிரிக்கெட் புத்தகம், மிருகங்களைப் பற்றியது, பேய்க்கதை எது இருந்தாலும் இரண்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து நூலகத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. நீதிக்கதைகள் மட்டும் வேண்டாம். அது போதுமான அளவு இருக்கிறது.