நர்சிங் படிப்பும் கல்விக்கடனும்

"நர்சிங் படிச்சா வேலை நிச்சயம்" என்று ஊரில் சொல்வார்கள். வேலை கிடைக்கும்தான். சம்பளம் எவ்வளவு என்றுதான் யாரும் சொல்வதில்லை.

ஒரு மாணவி தனியார் கல்லூரியில் நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங் சேர்கிறாள். வருடத்துக்கு 1 லட்சம் வீதம் 4 லட்சம் கல்விக்கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். படிக்கும்போதும், முடித்து ஒரு வருடம் வரையிலும் தவணை கிடையாது. ஆனால் வட்டி ஓடும். வட்டி மானியம் இல்லையென்றால், தனிவட்டியிலேயே 1.4 லட்சம் ஏறி கடன் 5.4 லட்சம் ஆகிவிடும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 7,140 ரூபாய்.

இனி சம்பளம். 2016-ல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. அது பரிந்துரைதான், சட்டம் அல்ல. அதுவே கிடைத்தாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவணைக்குப் போய்விடும். அரசு வேலை? தமிழ்நாட்டில் 2015-ல் தேர்வு எழுதி ஒப்பந்தத்தில் சேர்ந்த செவிலியர்களுக்கு அப்போது மாதம் 7,700 ரூபாய்தான் கிடைத்தது. 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் போராட்டத்தில் இறங்கினார்கள்.

அதற்காக நர்சிங் வேண்டாம் என்றில்லை. அரசுக் கல்லூரியில் இதே பட்டம் மிகக் குறைந்த கட்டணத்தில் கிடைக்கும். தனியார்தான் வழி என்றால், வளைகுடா சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. அங்கே போக முதலில் அனுபவம் வேண்டும். அந்த வருடங்களின் தவணையை உள்ளூர்ச் சம்பளத்தில்தான் கட்டியாக வேண்டும். கல்லூரியில் சேரும் முன், அங்கே படித்து முடித்த அக்காக்களிடம் முதல் மாதச் சம்பளத்தைக் கேட்டுவிடுவது நல்லது.