ரெண்டு பெக்

எண்ணை மட்டும் பார்த்தால் இந்தியச் சட்டம்தான் கறாரானது. நூறு மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குற்றம். கலிபோர்னியாவில் அந்தக் கோடு 80. ஆனால் நம்மூரில் முதல் முறை மாட்டுகிறவர் பெரும்பாலும் 10,000 ரூபாய் அபராதத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். சட்டத்தில் ஆறு மாதச் சிறைக்கும் இடமிருக்கிறது, அது வேறு விஷயம். இங்கே அபராதத்துக்குப் பிறகுதான் கதையே ஆரம்பிக்கிறது.

சான் ஹோசேயில் அண்ணன் மாட்டியபோது அவனுடைய அளவு 200-ஐத் தாண்டியிருந்தது. நல்லவேளை, யார் மேலும் மோதவில்லை. 200-ஐத் தொட்டுவிட்டால் மூன்று மாத வகுப்பு ஒன்பது மாதமாகிவிடும். மொத்தம் 60 மணி நேரம், பணமும் நாம்தான் கட்ட வேண்டும். காரில் ஊதும் கருவியைப் பொருத்திக்கொண்டு ஓட்ட வழி இருந்தது. ஆபீஸ் ஆட்கள் காரில் ஏறினால் பார்த்துவிடுவார்கள் என்று வேண்டாமென்றான். அதனால் புதன்கிழமை தோறும் டிரைவர் நான்.

"நான் சோஷியலா குடிக்கிறவன்தான். அங்க இருக்கிறவங்க மாதிரி இல்ல" என்று முதல் மாதம் முழுக்கச் சொன்னான். எங்கள் வீட்டு அகராதியில் குடிகாரன் என்றால் அப்பா மட்டும்தான். குடித்தே செத்தவர். அவருக்கும் "சோஷியலு"க்கும் நடுவில் எங்களிடம் வேறு வார்த்தையே கிடையாது.

ஒருநாள் வகுப்பில் வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். வழக்கமாக ஊற்றுகிற மாதிரியே தண்ணீரை ஊற்றி அளந்து பார்க்க வேண்டும். அமெரிக்கக் கணக்கில் விஸ்கி என்றால் ஒரு டிரிங்க் 44 மில்லி. அண்ணன் சமையலறையில் நின்று, கண்ணாடி டம்ளரில் கை பழகின அளவுக்கு ஊற்றினான். அளவுக் கோப்பையில் 115 வந்தது. இன்னொரு தடவை ஊற்றினான், 120. "ரெண்டு பெக்தான் சார்" என்று போலீஸிடம் சொன்னது பொய்யில்லை. அவனுடைய ரெண்டு பெக், அவர்கள் கணக்கில் ஐந்துக்கும் மேல். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்றான். அதற்குப் பிறகு காரில் "அங்க இருக்கிறவங்க" என்று அவன் சொல்லவில்லை. "எங்க குரூப்" என்றான்.

வகுப்பை முடித்த சான்றிதழ் நேராக டி.எம்.வி.க்குப் போய்விட்டது. சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டுகிற சமாச்சாரமா அது!

விசாதான் மிச்சம். 2015-லிருந்து நடைமுறை இதுதான்: குடித்துவிட்டு ஓட்டிக் கைதானாலே விசாவை ரத்து செய்துவிடலாம், தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. உள்ளே இருந்து வேலை பார்க்கலாம். ஊருக்குப் போனால் புது விசா இல்லாமல் திரும்ப முடியாது. அதற்குத் தூதரகம் சொல்லும் டாக்டரிடம் பரிசோதனை வேறு. "ப்ராஜெக்ட் டைட்டும்மா" என்று இரண்டு தீபாவளியை ஓட்டியிருந்தான்.

இந்த முறை டிக்கெட் போட்டதும் கும்பகோணத்துக்கு வீடியோ கால் செய்தான். விசாவுக்காக மெடிக்கல் இருக்கிறது என்றதும் அம்மா "உனக்கு எதுக்குடா மெடிக்கல்?" என்றாள். சொல்லிவிட்டான். போலீஸ், கோர்ட், ஒன்பது மாதம், எல்லாம்.

அம்மா அழுவாள் என்றுதான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அழவில்லை. ஃபோனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து அவனையே பார்த்தாள்.

"காலைல காபி டம்ளரை எடுக்கிறப்போ கை நடுங்குதாடா?"

"இப்ப இல்லம்மா."